இரண்டு மடங்கு வேகத்தில் ஒரு கணக்கு வகுப்பு

ஆசிரியர்களை மேம்படுத்தியே தீருவது என்று மேலிடத்தில் முடிவான ஆண்டு அது. அதற்கு முன்னாலும் மேம்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். பயிற்சிக்குக் கூப்பிட்டு வட்டமாக உட்காரவைத்தார்கள், கைதட்டச் சொன்னார்கள், வண்ண அட்டையில் பட்டாம்பூச்சி வெட்டச் சொன்னார்கள். வாத்தியார்களும் சமர்த்தாக வெட்டிக் கொடுத்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பழையபடியே பாடம் நடத்தினார்கள். இந்தத் தடவை அப்படி யாரும் நழுவிவிட முடியாதபடி ஒரு திட்டம் வந்தது. அதற்குக் கண்ணாடித் திட்டம் என்று பெயர்.

ஆசிரியர் மேம்பாட்டு மையம் அனுப்பிய பதினாறு பக்கச் சுற்றறிக்கை விஷயத்தை விளக்கியது. மனிதன் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்வதைப் போல, ஆசிரியர் தன் வகுப்பை வீடியோவில் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்வார். மாதம் ஒரு பாடவேளை படம் பிடிக்கப்படும். நூற்றுக்கு மதிப்பெண் உண்டு. இரண்டு தடவை நாற்பதுக்குக் கீழே போகிறவர் வகுப்பிலிருந்து எடுக்கப்பட்டு மாற்றுப் பணிக்கு அனுப்பப்படுவார். பன்னிரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில், இன்னொன்றும் இருந்தது. வீடியோவில் மாணவர்களின் முகம் தெரிவதால், அவர்களுடைய அந்தரங்கத்தைக் காக்கும்பொருட்டு, அதைப் பார்க்க ஆசிரியருக்கு அனுமதி இல்லை.

கணக்கு டீச்சர் பன்னிரண்டாம் பக்கத்தை மூன்று தடவை படித்துவிட்டு ஹெட்மாஸ்டரிடம் போனாள். ஹெட்மாஸ்டருக்கு ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. அந்தப் பதினான்கு மாதத்தையும் யாரோடும் எதற்கும் மல்லுக்கு நிற்காமல் ஓட்டிவிடுவது என்பதுதான் அவருடைய கல்விக் கொள்கை.

"சார், தினமும் அந்தப் பிள்ளைங்க முகத்த நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்?"

"நேர்ல பாக்கலாம் டீச்சர். வீடியோலதான் பாக்கக் கூடாது."

"அப்ப நான் எதப் பாத்துத் திருத்திக்கிறது?"

"அவங்க பாத்து உங்களுக்குச் சொல்லுவாங்க. இங்க ஒரு கையெழுத்து, அங்க ஒண்ணு."

டீச்சர் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு அப்போது மண்டைக்குள் வேறு ஒரு விஷயம் குடைந்துகொண்டிருந்தது. ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். கடைசி பெஞ்சில் சுவரை ஒட்டி உட்காரும் ஒருத்திக்கு, எதைச் சொன்னாலும் 'ஏன்' என்று கேட்கிற வியாதி. வகுப்பே அவளை ஏனம்மா என்று கூப்பிட்டது. மற்ற வாத்தியார்கள் அவள் கை உயர்ந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அந்த ஏனம்மா அன்று காலையில்தான் கணக்கு டீச்சரை மடக்கியிருந்தாள்.

பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்கு. இருபத்தொரு வருஷமாக டீச்சர் இதைச் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொள்ள, ஒரு குறையும் இல்லாமல் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஏனம்மா எழுந்து நின்று கேட்டாள்.

"அரைய காலால வகுத்தா ரெண்டு வருது டீச்சர். வகுத்தா குறையத்தானே செய்யணும்? ஏன் கூடுது?"

"விதி அப்படிம்மா."

"விதி ஏன் அப்படி?"

மணி அடித்து டீச்சரைக் காப்பாற்றியது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் டீச்சர் அதையே யோசித்துக்கொண்டு போய், இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள். இருபத்தொரு வருஷம் சொல்லிக்கொடுத்த ஒன்றைத் தான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை என்று வெட்கமாக இருந்தது. திரும்பி நடந்து வரும்போது விடை பிடிபட்டது. அப்போது அவளுக்கு வந்த சந்தோஷம் சமீப வருஷங்களில் எதற்கும் வந்ததில்லை. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காகிதத்தை மடித்துக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் டீச்சரின் ஆசை.

மறுநாள் காலையில் கேமரா வந்துவிட்டது.

கேமராவோடு வந்த ஆள் கரும்பலகைக்கு முன்னால் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டான். டீச்சர் அந்தக் கட்டத்துக்குள் நிற்கவேண்டும். தாண்டினால் படத்தில் விழமாட்டாள். கரும்பலகையும் முதல் இரண்டு வரிசையும் விழும். மற்ற பிள்ளைகள் குரலாக மட்டும் இருந்துகொள்ளலாம். ஏனம்மாவின் குரல் முதல் பத்து நிமிஷத்திலேயே வந்தது. காகிதம் மடிக்கிற வேலையைக் கட்டத்துக்குள் நின்றுகொண்டு கடைசி பெஞ்சுக்குக் காட்ட முடியாது. "அப்புறம் சொல்றேம்மா" என்று டீச்சர் சொல்லி மேலே நடத்தினாள்.

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. மதிப்பெண் முப்பத்தொன்று. 'ஆசிரியர் அளவுக்கு மீறிய வேகத்தில் பேசுகிறார். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. குரல் கீச்சென்று இருக்கிறது. கை அசைவுகள் படபடப்பானவை. மாணவர்கள் பதற்றத்தில் தலையை வெடுக்வெடுக்கென்று ஆட்டுகிறார்கள். ஆசிரியர் மருத்துவரை அணுகுவது நலம்.'

டீச்சர் ரிப்போர்ட்டைப் புருஷனிடம் காட்டினாள். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்துமூன்று வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவளுடைய குரல் கீச்சென்று இருந்ததாக அவருக்கு ஞாபகமில்லை. "வேகத்துக்கு எனக்குத்தான் ஃபைன் போடுவாங்க. உனக்குமா?" என்றார்.

ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டு டீச்சர் மேம்பாட்டு மையத்துக்கே போனாள். மூன்றாம் மாடியில் நீளமான அறை. இருபது மேஜை, இருபது திரை, இருபது பேர். மதிப்பீட்டாளர்கள் என்று வாசலில் பலகை. அவளுடைய பள்ளிக்கூடத்தில் முன்பு இருந்த புவியியல் வாத்தியார் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவரும் மேம்படுத்தப்பட்டு அங்கே வந்து சேர்ந்தவர்தான். அவருடைய திரையில் ஒரு தமிழ் வாத்தியார் கரும்பலகைக்கும் மேஜைக்கும் இடையில் பூச்சி மாதிரி பறந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள்.

"இவருக்கு என்ன சார் ஆச்சு?" என்றாள் டீச்சர்.

"ஒண்ணும் ஆகல. ரெண்டு மடங்கு வேகத்துல ஓடுது."

"ஏன்?"

"ஒரு நாளைக்கு இருபது வீடியோ முடிக்கணும் டீச்சர். ஒண்ணு நாப்பது நிமிஷம். பெருக்கிப் பாருங்க, உங்களுக்குத் தெரியாத கணக்கா?"

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது, சொன்னால் திருத்திவிடுவார்கள் என்று நம்பி இயக்குநர் அறைக்குப் போனாள். நம்பாமல் இருப்பதற்கு அவளுக்கு இருபத்தொரு வருஷ அனுபவம் போதவில்லை. இயக்குநர் அவளை அன்பாக உட்காரச் சொல்லி, கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பொறுமை அவருடைய மேஜைமேலேயே ஒரு சட்டத்துக்குள் எழுதி வைக்கப்பட்டிருந்தது.

"பாருங்க டீச்சர், உங்கள மட்டும் நாங்க வேகமா பாக்கல. எல்லாரையும் ரெண்டு மடங்குலதான் பாக்குறோம். உங்களுக்கு மட்டும் மெதுவா பாத்தா மத்தவங்களுக்கு அநியாயம் ஆயிடும் இல்லையா?"

"ஆனா நான் வேகமா பேசல சார். நீங்கதான் வேகமா பாக்குறீங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். வேகமா பாக்குறோம்னா, அதுக்குத் தகுந்த மாதிரி நீங்க பேசியிருக்கணும். மாணவன மனசுல வெச்சுப் பாடம் நடத்துறவங்க மதிப்பீட்டாளரையும் கொஞ்சம் மனசுல வெக்கணும்."

"எனக்கு இது தெரியாதே சார்."

"தெரிஞ்சிருக்காதுதான். அது ரகசியம்" என்றார் இயக்குநர்.

படியிறங்கும்போது புவியியல் வாத்தியார் பின்னாலேயே வந்து காதைக் கடித்தார். "பாதி வேகத்துல பேசுங்க டீச்சர். கையக்கூட பாதி வேகத்துல தூக்குங்க. வேற வழியே இல்ல. இன்னொரு தடவ நாப்பதுக்குக் கீழ போனா என் பக்கத்து மேஜை காலியாத்தான் இருக்கு."

அடுத்த மாதப் படப்பிடிப்புக்குள் டீச்சர் வீட்டில் பழகினாள். பழக்கம் சாப்பாட்டு மேஜைவரைக்கும் வந்துவிட்டது. உப்பு வேண்டும் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் புருஷன் எழுந்து போய் எடுத்து வந்து போட்டுவிட்டு, தன் சாப்பாட்டையும் முடித்துக் கை கழுவியிருப்பார். பிள்ளைகளுக்கு அவ்வளவு சிரமம் இருக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர்கள் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். தண்ணீருக்கடியில் இருப்பதைப்போல் கையைத் தூக்கினார்கள், தலையை ஆட்டினார்கள், நோட்டைத் திருப்பினார்கள். ஏனம்மாவும் மெதுவாகத்தான் கேட்டாள். அவள் "ஏ...ன் டீ...ச்ச...ர்" என்று ஆரம்பித்துக் கேள்வியை முடிக்கிறபோது மணி அடித்துவிட்டது. நாற்பது நிமிஷத்தில் ஒன்றரைக் கணக்கு முடிந்திருந்தது.

மதிப்பெண் தொண்ணூற்று நான்கு.

அத்தோடு விட்டிருந்தால் டீச்சர் பிழைத்திருப்பாள். அந்த வீடியோவை மாதிரி வகுப்பாக அறிவித்து, ஆயிரம் ஆசிரியர்கள் கூடிய மாநாட்டில் பெரிய திரையில் போட்டார்கள். நேரம் குறைவு என்பதால் மாநாட்டிலும் இரண்டு மடங்கு வேகம்தான். திரையில் ஒரு சாதாரண டீச்சர் சாதாரணப் பிள்ளைகளுக்குச் சாதாரணமாகப் பாடம் நடத்தினாள். ஜன்னலுக்கு வெளியே போன சைக்கிள் மட்டும் ரயில் வேகத்தில் போயிற்று. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"என்ன ஒரு இயல்பு பாருங்க" என்று இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "இவங்க முதல்ல எப்படிப் பேசுனாங்கன்னு எங்களுக்குத்தான் தெரியும். பாக்கவே பாவமா இருக்கும். ஒரே ஒரு ரிப்போர்ட் குடுத்தோம். மாறிட்டாங்க. ஒரு வகுப்புக்குக்கூட போகாம, ஒரு பிள்ளையக்கூட பாக்காம, மூணாவது மாடியில உக்காந்துக்கிட்டே இத சாதிச்சிருக்கோம்."

ஆயிரம் ஆசிரியர்களும் கைதட்டினார்கள். பயிற்சி வகுப்புகளில் கற்றதில் அது ஒன்றுதான் கைவசம் இருந்தது.

வெற்றி வந்தால் விரிவாக்கம் வரும். மாதம் ஒரு பதிவு என்றிருந்தது வாரம் ஒன்று ஆயிற்று. மாதிரி வகுப்பு என்பதால் ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில் கேமராவை ஆணியடித்தே மாட்டிவிட்டார்கள். எந்த நாளை எடுத்துப் பார்ப்பார்கள் என்று தெரியாது, ஆகவே தினமும் பாதி வேகம்தான். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் 'இன்று நான் என்னைப் பற்றி என்ன உணர்ந்தேன்' என்று நான்கு பக்கப் படிவம் நிரப்பவேண்டும். டீச்சரின் இடைவேளையெல்லாம் உணர்வதிலேயே போயிற்று. சாயங்காலம் பிடிக்கலாம் என்றால் ஏனம்மா மணியடித்ததும் பள்ளி வேனில் ஏறியாக வேண்டும். அவளுடைய கேள்வி அப்படியே கிடந்தது. பார்க்கும்போதெல்லாம் டீச்சருக்கு, வீட்டில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்துவிட்டதைப்போல் ஒரு தவிப்பு.

வாரம் ஒரு பதிவு ஆனதும் மையத்தில் வீடியோக்கள் மலையாகக் குவிந்தன. ஆட்கள் அதே இருபது பேர். இயக்குநர் நிலைமையைத் தீர ஆராய்ந்து, பார்க்கும் வேகத்தை நான்கு மடங்காக்கினார். உடனே ஊரிலுள்ள ஆசிரியர்களெல்லாம் மறுபடி படபடப்பாகிவிட்டார்கள். புதிய சுற்றறிக்கை அவர்களை மென்மையாகக் கண்டித்தது. 'மாதிரி வகுப்பைக் கண்டபின்னும் பழைய பதற்றத்துக்குத் திரும்பியிருப்பது வருத்தமளிக்கிறது. இதுவரை காட்டிய நிதானத்தை இரட்டிப்பாக்குக.'

கால் வேகத்தில் பாடம் நடத்துவதை டீச்சர் செய்து பார்த்தாள். 'வணக்கம்' சொல்லி முடிக்கக் கால் நிமிஷம். சாக்பீஸ் பலகையைத் தொடுவதற்குள் கை கடுத்துவிடும். பிள்ளைகளுக்கு விளையாட்டு அலுத்துப் போயிருந்தது. முதல் வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். நான்கு மடங்கு வேகத்தில் அது, 'மாணவர் ஒருவர் ஆசிரியரை நோக்கிக் கத்துகிறார்' என்று ரிப்போர்ட்டில் ஏறிற்று. அந்த வாரம் நாற்பத்திரண்டு. மயிரிழையில் தப்பினாள்.

அடுத்த திங்கட்கிழமை அதே பின்னக் கணக்கு. இரண்டாம் பருவம் முடியப்போகிறது, பாடம் இன்னும் அங்கேயே நிற்கிறது. டீச்சர் கட்டத்துக்குள் நின்று 'தலைகீழாக்கி' என்று எழுதிக்கொண்டிருந்தாள். 'கீ' வரை வந்திருந்தாள். கடைசி பெஞ்சில் ஏனம்மா எழுந்தாள். அன்றைக்கு அவள் சாதாரண வேகத்திலேயே பேசினாள்.

"டீச்சர், பரவால்ல டீச்சர். நான் விதியவே எழுதிக்கிறேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.

டீச்சர் கேமராவைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டத்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சாக்பீஸைக் கீழே வைத்தாள், மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்து கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பிள்ளைகள் தபதபவென்று எழுந்து வந்து சுற்றிக் கூடினார்கள்.

"இது முழுசு. மடிச்சுக் கிழிச்சா இது அரை. சரியா? இப்ப கால் அளவுல துண்டு வேணும். இந்த அரைக்குள்ள கால் எத்தன இருக்கு?"

ஏனம்மா அரைத்தாளை வாங்கி இன்னொரு தடவை மடித்தாள். பிரித்துப் பார்த்தாள். மறுபடி மடித்தாள்.

"ரெண்டு." மடிப்பை விரலால் நீவினாள். பிறகு சொன்னாள், "அப்ப தாள் ஒண்ணும் கூடல டீச்சர். எத்தன இருக்குன்னு எண்ணத்தானே செய்யிறோம். துண்டு சின்னதானா எண்ணிக்கை கூடத்தானே கூடும்?"

"ஆமாம்மா."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

பதினேழு நிமிஷம் அந்த பெஞ்சில் தாள் கிழிபட்டது. அரைக்கால், மூன்றிலொன்று என்று யார் யாரோ கிழித்தார்கள், கத்தினார்கள், சண்டை போட்டார்கள். தலைகீழாக்கினால் ஏன் சரியாக வருகிறது என்பதைக் கடைசியில் கொட்டாவி விட்ட பையன்தான் கண்டுபிடித்துச் சொன்னான். டீச்சர் தன் வேலையில் அவ்வளவு நிறைவாக இருந்த பதினேழு நிமிஷம் வேறு இல்லை.

ரிப்போர்ட் இந்தத் தடவை நான்கே நாளில் வந்தது. 'பதினேழு நிமிடம் ஆசிரியர் வகுப்பில் இல்லை. மதிப்பெண்: பூஜ்யம்.' அதோடு மாற்றுப் பணி உத்தரவும் பின் பண்ணி வைக்கப்பட்டிருந்தது.

"சார், நான் வகுப்புலதான் இருந்தேன். கடைசி பெஞ்சுல" என்று இயக்குநரிடம் போய் நின்றாள் டீச்சர்.

"இருந்திருக்கலாம். பதிவுல இல்லையே" என்றார் இயக்குநர். அவர் முகத்தில் கோபமே இல்லை, உற்சாகம்தான் இருந்தது. "ஆனா உங்க வீடியோ வீண் போகல டீச்சர். அந்தப் பதினேழு நிமிஷச் சத்தத்த நாலஞ்சு தடவ கேட்டோம். பிள்ளைங்க தாங்களாவே கேக்குறாங்க, தாங்களாவே பதில் சொல்றாங்க. இந்தத் திட்டம் ஆரம்பிச்ச நாள்லேருந்து இப்படி ஒரு கற்றல் பதிவானதே இல்ல."

"அது நான் சொல்லிக்குடுத்தது சார்."

"அதுதான் இல்ல. ஆசிரியர் இல்லாத நேரத்துலதான் கற்றல் உச்சத்துக்குப் போகுதுன்னு உங்களாலதான் தெரிய வந்திருக்கு. கட்டுரை எழுதிக்கிட்டிருக்கேன். நன்றின்னு உங்க பேரப் போடலாமான்னு யோசிக்கிறேன், ஆனா நீங்கதான் அங்க இல்லையே."

 அன்றைக்குப் பலகையில் 'தலைகீழாக்கி' என்ற சொல்லைப் பாதியிலேயே விட்டுவிட்டோமே என்றுதான் டீச்சருக்குத் தோன்றிற்று.

வகுப்பை ஒப்படைக்கிற அன்றைக்குப் பிள்ளைகளிடம் தலைவலி, ஓய்வு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள். வேனுக்குப் போகிற வழியில் ஏனம்மா நின்றாள்.

"நான் கேட்டதாலதானே டீச்சர் உங்கள மாத்துறாங்க?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

அவள் டீச்சரின் முகத்தையே பார்த்தாள். வழக்கமாக அந்த இடத்தில் ஒரு 'ஏன்' வரும். அன்றைக்கு வரவில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள்.

மூன்றாம் மாடியில், புவியியல் வாத்தியாருக்குப் பக்கத்து மேஜையில், டீச்சர் இப்போது ஒரு நாளைக்கு நாற்பது வகுப்புகளைப் பார்க்கிறாள். முதல் நாட்களில் சாதாரண வேகத்தில் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் ஒன்பதுதான் முடிந்தது, மெமோ வந்தது. இப்போது நான்கு மடங்கு பழகிவிட்டது. படபடப்பு, கீச்சுக் குரல், பதற்றம் என்று அவளும்தான் எழுதுகிறாள். வேறு என்ன எழுதுவது, திரையில் அப்படித்தானே தெரிகிறது.

ஒருநாள் ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு வந்தது. அவளுடைய பிள்ளைகள். டீச்சர் வேகத்தைச் சாதாரணத்துக்குக் குறைத்துவிட்டு ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டாள். புது வாத்தியார் கட்டத்துக்குள் நின்று, ஆடாமல் அசையாமல், கால் வேகத்தில் பாடம் நடத்தினார். நல்ல மனுஷன்தான், வியர்வை வழிந்துகொண்டிருந்தது. மைனஸை மைனஸால் பெருக்கினால் ப்ளஸ் என்று எழுதினார். எழுதி முடிக்க ஆறு நிமிஷம் ஆயிற்று. ஏனம்மாவை முதல் வரிசைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இப்போது அந்த வகுப்பில் அவளைப்போல் அடக்கமாகத் தலையாட்டுகிறவர் யாரும் இல்லை போலிருந்தது.

இரண்டு இல்லாததைப் பெருக்கினால் எப்படி இருக்கிறதாக ஆகும்? ஒரு பிள்ளை கேட்டே ஆகவேண்டிய இடம் அது. டீச்சர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"கேளும்மா" என்றாள் திரையைப் பார்த்து.

"டீச்சர், இன்னும் முப்பத்தாறு இருக்கு" என்றார் புவியியல் வாத்தியார்.

ஏனம்மா பலகையைப் பார்த்தாள். குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டாள். அடிக்கோடு போட்டாள். புரிஞ்சுதா என்று வாத்தியார் கேட்டதற்கு, எல்லோரோடும் சேர்ந்து, தலையை மெதுவாக மேலே தூக்கி, மெதுவாகக் கீழே இறக்கினாள். நாற்பது நிமிஷமும் டீச்சர் காத்திருந்தாள். ஏனம்மா ஒன்றுமே கேட்கவில்லை.

படிவத்தில் பதினான்காவது கேள்வி, 'பாடத்தின் நடுவே மாணவர் குறுக்கீடு: உண்டு / இல்லை.' உண்டு என்றால் பூஜ்யம். இல்லை என்றால் பத்து. வேறு எதையும் எழுத அதில் இடம் விடவில்லை. டீச்சர் பத்துப் போட்டாள்.